சிக்னல் இல்லாத இடம்

அத்தியாயம் 11

காலை ஏழே காலுக்கு அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

"ம்."

"இன்னைக்கு எங்க வேலை?"

"அதே இடந்தான். பன்னண்டு மாடி."

"சாயந்திரம் லேட்டாகுமா?"

"தெரியல."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று கேள்விக்கு ஆறு வார்த்தை. இதே மனிதர் முந்தாநாள் சாயந்திரம் ஒரு மெஷினிடம் முப்பத்தெட்டு நிமிடம் பேசியிருக்கிறார்.

அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

பெரியவள் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பதினான்கு வயது. இந்த வருடம் திடீரென்று அம்மா உயரத்துக்கு வந்துவிட்டாள்.

"கண்ணு வீங்கியிருக்கு உனக்கு."

"தூக்கம் வரல."

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏன் என்று அம்மா கேட்பாளா என்று ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அந்த வீட்டில் இரண்டு வருடமாக இப்படித்தான். சின்னவள் போனதிலிருந்து.

*

அவளுக்கு வேலை ஓர் ஆய்வு மையத்தில். மொழித்துறை, உளவியல், கணினித்துறை, தர்க்கம் சொல்லித்தரும் தத்துவத்துறை என்று நான்கு துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடும் இடம். இப்போது அவர்கள் கையில் இருக்கும் கேள்வி இதுதான்: மனிதர்கள் மனிதர்களிடம் காரணம் சொல்வதற்கும் மெஷினிடம் காரணம் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

விருப்பப்பட்டுச் சேர்ந்த நாற்பது பேர், ஆறு வாரத்துக்கு, தங்கள் ஃபோனில் பேசும் மென்பொருள் ஒன்றோடு தோன்றியதைப் பேசுவார்கள். பேச்சு எழுத்தாக மாறும். இன்னொரு மென்பொருள் பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு எழுத்தை அவள் மேசைக்கு அனுப்பும். அவள் வரி வரியாகக் குறி வைப்பாள். இது காரணம், இது சாக்கு, இது சந்தேகம். 'ஏன்னா' என்ற சொல்லைக் கண்டால் மஞ்சள். மையத்தில் அவளுக்குப் பெயரே 'ஏன்னாக்கா' என்று ஆகிவிட்டது.

போன திங்கட்கிழமை, பதினேழாம் எண் ஆளின் பேச்சில் ஒரு வரி வந்தது. 'சில்லறை இருந்திருந்தா இப்ப மூணாங்கிளாஸ் போயிருப்பா.'

பெயர்களை உருவும் மென்பொருள் கெட்டிக்கார மென்பொருள்தான். ஆனால் சில்லறை என்பது ஒரு குழந்தை என்று அதற்கு எப்படித் தெரியும்?

பெரியவள் பிறந்தபோது அவர் 'நோட்டு' என்று கொஞ்சினார். ஆறு வருடம் கழித்துச் சின்னவள் இரண்டு கிலோகூட இல்லாமல் வந்து சேர்ந்தபோது, தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சில்லறை" என்றார். நர்ஸ்கூடச் சிரித்தாள். பெற்ற மகளைச் சில்லறை என்று கூப்பிட்ட அப்பா வேறு யாராவது இருப்பாரா என்ன?

மையத்தின் விதி ஒரே வரி. ஆள் தெரிந்தவர் என்று தோன்றினால் அந்த நிமிடமே கோப்பை மூட வேண்டும், பேராசிரியையிடம் சொல்ல வேண்டும்.

அவள் மூடவில்லை. மூன்று நாளில் இருபத்திரண்டு பேச்சுகளையும் படித்தாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி படித்தாள்.

முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தார். 'என் பொண்ணுதான் நோட்டீஸைக் காட்டினா. யார்கிட்டயாவது பேசுங்கப்பான்னா. என் வீட்டுக்காரியும் அங்கதான் இருக்கா, ஆனா அவ அகராதிப் பிரிவு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.'

அகராதிப் பிரிவை விட்டு அவள் மாறிப் பதினோரு மாதம் ஆகிறது. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

நான்காவது பேச்சில், சில்லறையை வேலைக்கு அழைத்துப் போன நாள் இருந்தது. லிஃப்டில் ஏழாவது மாடி பட்டனை மட்டும் மூக்கால்தான் அழுத்துவாளாம். ஏன் என்று கேட்டதற்கு, 'ஏழுக்குத்தான் மூக்கு மாதிரி மூஞ்சி இருக்கு' என்றாளாம். இது அவளுக்குத் தெரியாத கதை. குழந்தை போய் இரண்டு வருடம் கழித்து, குழந்தையைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

பதினான்காவதில், 'என் வீட்டுக்காரி கையை இறுக்கி மூடிக்கிட்டுத் தூங்கறா. விரலைப் பிரிச்சு விடலாம்னு தோணும். தொட்டா முழிச்சுக்குவாளேன்னு விட்டுடறேன்' என்று இருந்தது.

தொட்டிருக்கலாம். எழுந்திருந்தால்தான் என்ன?

இருபத்திமூன்றாவது பேச்சு நேற்று வந்தது. முப்பத்தெட்டு நிமிடம். மற்றதெல்லாம் பத்து, பன்னிரண்டு. அந்த நேரத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை வரவில்லை. திறக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

*

பதினொரு மணிக்குக் கூட்டம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறி வைத்ததை ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடங்களைத் திரையில் போட்டு விவாதிக்கும் கூட்டம். அவளோடு குறி வைப்பவருக்குப் பட்டப்பெயர் கமா. யார் எதை எழுதினாலும் ஒரு கமா வைத்துத் திருப்பித் தருவார்.

"ஏன்னாக்கா, பதினேழாம் நம்பர்ல நீங்க ஒண்ணுமே குறிக்கலையே? உடம்பு சரியில்லையா?" என்றார் கமா. "நேத்து வந்ததை மட்டும் நான் பாதி வரைக்கும் பார்த்தேன். நடுவுல ஒரு இடம் இருக்கு. இந்த ஆய்வுக்கே இது போதும்னு தோணுது. போடறேன் பாருங்க."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது.

'அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. சாதாரணக் காய்ச்சல்தானே, இதுக்கெல்லாம் டாக்டரான்னு கத்திட்டு வந்துட்டேன். அவ மூணு தடவை கூப்பிட்டா. லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சிக்னல் இருந்துச்சு. பேரைப் பார்த்தேன். கட் பண்ணேன். ஏன்னா கோவம். அப்புறமும் கூப்பிடல. அவ என்னடான்னா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், அவர் பாவம், சிக்னல் இல்லாத இடம், அவர் என்ன பண்ணுவார்னு எனக்காகப் பேசறா. அவ பேசப் பேச எனக்கு...'

அதற்குக் கீழே மென்பொருள் எழுதியிருந்தது: 'மௌனம், பதினோரு நொடி.'

"இங்க ஒரு 'ஏன்னா' இருக்கு" என்றார் கமா. "நான் சாக்குன்னு போட்டேன். சரியா?"

"சாக்குன்னா தன்னைக் காப்பாத்திக்கச் சொல்றது" என்றார் தர்க்கக்காரர். மையத்தில் எல்லோருக்கும் மூத்தவர், எதையும் கத்தரித்துக் கத்தரித்துப் பார்ப்பவர். "இவர் தன்னைக் காட்டிக் கொடுத்துக்கறார். இது காரணந்தான்."

"மெஷின் என்ன பதில் சொல்லுச்சு?" என்று கேட்டாள் மென்பொருள் எழுதும் பெண்.

கமா படித்தார். "'இதைச் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருந்திருக்கும்.'"

"அட, பல்வலின்னாலும் அதையேதான் சொல்லுது" என்றார் தர்க்கக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். "ஒண்ணு மட்டும் இடிக்குது. ஒன்பதாவது பேச்சுல இதே ஆள், அன்னைக்கு அம்மா குழந்தைக்குப் பாத்ரூம்ல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்கன்னு சொல்றார். கட் பண்ணார், திரும்பக் கூப்பிடல. அப்ப அது இவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அப்புறமா அந்தம்மா சொல்லியிருப்பாங்க" என்றார் கமா.

"நான் சொல்லல" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் மறுபடியும். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அவர் என் வீட்டுக்காரர்."

கமா பாய்ந்து போய்த் திரையை அணைத்தார். அணைக்கும் அவசரத்தில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்து மேசை முழுக்க ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

*

பேராசிரியை தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப தெரிஞ்சது?"

"திங்கட்கிழமை, மேடம்."

"மூணு நாள் படிச்சிருக்கீங்க."

"ஆமா."

"நீங்க பண்ணது தப்பு. உங்க இடத்துல நான் இருந்தா மூடியிருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா தப்பு தப்புதான்." மேசை மேல் கிடந்த கோப்பை மூடினார். "இந்த ஆய்வுல உங்களை இனிமே வச்சிருக்க முடியாது. மறுபடி அகராதிக்குப் போயிடுங்க."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"இன்னொண்ணு. தெரிஞ்சவங்க படிச்சுட்டாங்கன்னு அவருக்கு நாங்க சொல்லியாகணும். அதே நாள்ல சொல்லணும்னு விதி. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி அவர் கேட்டா அழிச்சாகணும். பேச்சு, எழுத்து, எதுவும் மிஞ்சாது. சாயந்திரம் ஆறு மணிக்கு நான் அவரைக் கூப்பிடறேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சில்லறை மூக்கால் பட்டன் அழுத்துவதும் போய்விடும் என்று சொல்ல நினைத்தாள். இதையெல்லாம் இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது?

"ஆறு மணிக்கு முன்னாடி உங்க வாயால அவருக்குத் தெரிஞ்சா நல்லதுன்னு எனக்குத் தோணுது" என்றார் பேராசிரியை. "போங்க. இங்க நாங்க பாத்துக்கறோம்."

*

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அதைச் சரி பண்ணத்தான் அவர் வந்திருக்கிறார். அவள் படியேறினாள். ஆறாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஒன்பதாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் கிடைத்தும் முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

மொட்டை மாடியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில், அவர் கையில் டார்ச்சோடு குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன? பெரியவளுக்கு ஏதாவது..."

"இல்ல. அவ ஸ்கூல்ல நல்லா இருக்கா."

அவர் மூச்சை விட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த மனிதர் இரண்டு வருடமாக ஒவ்வொரு ஃபோன் மணிக்கும், ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் இப்படித்தான் வெளுத்துக்கொண்டிருக்கிறார்.

"பதினேழாம் நம்பர் நீங்கதானே?"

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. டார்ச்சை அணைத்தார்.

"நீ அகராதியிலதானே இருக்க?"

"மாறிப் பதினோரு மாசம் ஆச்சு."

"சொல்லலையே."

"நீங்க கேக்கல."

"எத்தனை படிச்ச?"

"இருபத்திரண்டு."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. கடைசிப் பேச்சு தப்பித்துவிட்டது என்று நினைத்திருப்பார். அதைப் பார்த்தபடி அடுத்ததைச் சொல்வது அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

"கடைசியா வந்ததை நான் படிக்கல. அதுல ஒரு துண்டை எல்லார் முன்னாடியும் திரையில போட்டாங்க. சிக்னல் இருந்ததுன்னு."

அவர் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அழுக்குத் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் துடைத்தார்.

"கோவமா?"

"ஆமா" என்றாள். இவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வரும் என்று அவளே நினைக்கவில்லை. "கட் பண்ணதுக்கு இல்ல. காலையில சண்டை, நானா இருந்தாலும் கட் பண்ணியிருப்பேன். ரெண்டு வருஷமா என்னைப் பேச விட்டீங்களே, அதுக்கு. உங்க அக்காகிட்ட, என் தம்பிகிட்ட, பக்கத்து வீட்டுல, டாக்டர்கிட்ட... உங்களுக்கு வக்கீல் மாதிரி நின்னு வாதாடினேன். ஒரு தடவை, போதும் நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அதான் என்னால வீட்டுல உக்கார முடியல."

"என்கிட்டச் சொல்ல முடியல. மெஷின்கிட்ட முடிஞ்சுது."

"அது என் முகத்தைப் பாக்காது" என்றார். "நீ பாப்ப."

காற்று கதவை ஒருமுறை அடித்தது. அவள் அதைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் நாற்பது நிமிஷம் உங்களுக்காகக் காத்திருந்தேன்" என்றாள். "முதல்லயே பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டிருக்கலாம். அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரே. அந்த நாற்பது நிமிஷம் என்னோடதுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைச்சுட்டு இருக்கேன்."

"உன்னோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

அவர் மறுபடி துணியால் விரலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாத்ரூம்ல நான் அவளுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துணி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சி இல்லை. பயம் இருந்தது. இவ்வளவு நேரம் இல்லாத பயம்.

"நீதான் சொல்லியிருப்ப."

"சொல்லல."

"அப்ப மெஷின் தப்பா எழுதியிருக்கும்." எழுந்து டார்ச்சைப் போட்டார். "கீழ போ. படி இருட்டா இருக்கும், பாத்துப் போ. எனக்கு வேலை இருக்கு."

*

ஆறு மணிக்கு ஃபோன் வந்தபோது அவர் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கூடத்து ஜன்னல் பக்கம் நின்று பேசினார். பேராசிரியைதான் பேசினார், இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லங்க... இல்ல, அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல... ஆமாங்க. அழிச்சிடுங்க."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "வேண்டாங்க. அதுல அவ இருக்கா. லிஃப்டு, மூக்கு, எல்லாம் அதுலதான் இருக்கு. எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க எனக்குச் சொன்னதே இல்ல. கடைசி ஒண்ணை மட்டும் அழிக்கச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்காமல் ஃபோனில் சொன்னார். "எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஒண்ணு விடாம."

பிறகு, "பால் வாங்கிட்டு வரேன்" என்று செருப்பைக்கூடத் தேடாமல், காலையில் மாட்டிய ஷூவையே மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். வீட்டில் பால் இருந்தது.

அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அவள் ஃபோனில் பேராசிரியையின் செய்தி வந்தது. 'நாளைக் காலை ஒன்பது மணிக்கு அழிக்கிறோம். ஒன்றை மட்டும் அழிக்க விதி இடம் தராது, அழித்தால் எல்லாம், வைத்தால் எல்லாம். அதற்குள் மனம் மாறினால் அவர் ஒரு வரி அனுப்பினால் போதும். நீங்கள் அனுப்ப முடியாது. மன்னியுங்கள்.'

"அம்மா."

பெரியவள் தன் அறைக் கதவில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அப்பா எதுக்கு அழிக்கச் சொல்றார்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

"அன்னைக்கு அப்பா திரும்பக் கூப்பிட்டாரும்மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவள் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பது போல, நிறுத்தாமல். இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்.

"சனிக்கிழமை. நீ அவளைப் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போன. அப்பா கூப்பிட்டா உடனே கொண்டு வான்னு ஃபோனை என்கிட்டக் குடுத்த. நான் அதுல கேம் விளையாடிட்டு இருந்தேன். பத்து நிமிஷத்துல அப்பா கூப்பிட்டார். என்னடா, சில்லறைக்கு எப்படி இருக்கு, அம்மா எதுக்குக் கூப்பிட்டான்னு கேட்டார். அவ எப்பவும் ஏதாவது சொல்லி உன்னைக் கூப்பிட்டுட்டே இருப்பா இல்ல? அன்னைக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். அம்மா பாத்ரூம்ல தண்ணி ஊத்திட்டு இருக்கா, அவளுக்குச் சரியாயிடுச்சுன்னேன். சரி, சாயந்திரம் வரேன்னு வச்சிட்டார். கேம் பாதியில நின்னுடுச்சும்மா. அதனாலதான் அப்படிச் சொன்னேன். விளையாடினது தெரிஞ்சா நீ திட்டுவேன்னு அப்பா கூப்பிட்டதையும் ஃபோன்ல அழிச்சிட்டேன்."

அவள் சோபாவிலிருந்து எழுந்தாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா வந்ததும் என்னைத்தான் பாத்தார். சொல்லப் போறார்னு நான் நினைச்சேன். உன்கிட்ட, குழிக்குள்ள இருந்தேன், சிக்னல் இல்லைன்னு சொன்னார். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா." அந்த இடத்தில்தான் பெரியவளின் குரல் போயிற்று. "தப்பிச்சோம்னு சந்தோஷமா இருந்துச்சு. தங்கச்சி உள்ள அப்படிக் கிடக்கறப்ப."

ஏன் என்று கேட்பதற்கே சம்பளம் வாங்குகிறவளுக்கு அப்போது கேட்க ஒன்றும் இருக்கவில்லை. போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். தன் உயரத்துக்கு வளர்ந்த உடம்பு, சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கியது.

"அப்பாகிட்டச் சொல்லாதம்மா. நான் மறந்துட்டேன்னு அவர் நினைச்சுட்டு இருக்கார். அப்படியே இருக்கட்டும். பாவம்மா அவர்."

"நீதான் அந்த நோட்டீஸைக் காட்டினியா?"

"யார்கிட்டயாவது சொன்னா அவருக்குக் கொஞ்சம் லேசாகும்னு நினைச்சேன். மெஷின்தானே, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. பெரியவள் விலகி முகத்தை அவசரமாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்தது. ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் சாவி. அவர் பெரியவளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன்னை யார் சொல்லச் சொன்னது?" என்றார் பெரியவளிடம். அதட்டலாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது. "நீ மறந்திருப்பேன்னு நினைச்சேனே. பன்னண்டு வயசுதானே, மறந்திருப்பேன்னு இல்ல நினைச்சேன், கண்ணு."

"எப்படிப்பா மறக்கும்?"

அவர் ஷூவோடு வாசலிலேயே உட்கார்ந்தார். சின்னவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவர், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், கதவு திறந்து கிடக்கிறது என்ற நினைவுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதார். பெரியவள் ஓடிப் போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இருவருமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். மதியம் அவர் மேல் வந்த கோபம் இன்னும் உடம்பில் அப்படியே இருந்தது. இனி அது அவர் மேல் செல்லாது. பன்னிரண்டு வயதில் ஒரு விளையாட்டை விட மனமில்லாமல் போன குழந்தை மேலும் செல்லாது. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அவர்கள் இருவரும் இந்த இரண்டு வருடம் ஒருவரை ஒருவர் மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் மட்டும் வெளியே இருந்திருக்கிறாள்.

கடைசியில் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தச் செய்தியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. காலையில ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு வரி அனுப்புங்க. எனக்கு அவ வேணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். படித்து முடித்தும் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது" என்றார் மெதுவாக. "கடைசி நாள் பேச்சுல நீ பாத்தது நாலு வரி. மிச்சம் முழுக்க இவளைப் பத்தி."

பெரியவள் அவர் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"என்னைப் பத்தியா? என்னப்பா சொன்னீங்க?"

அவர் ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அப்பா, என்ன சொன்னீங்க என்னைப் பத்தி?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.